ரத்தக்கட்டி வந்த அன்று குறைந்துபோன கொலஸ்ட்ரால்

லேப் கவுண்டரில் ரிப்போர்ட்டை வாங்குகிறவர்களின் கண் முதலில் போவது தடித்த எழுத்தில் அச்சான எண்களுக்குத்தான். அளவைத் தாண்டினாலும் அளவுக்குக் கீழே போனாலும் எங்கள் மெஷின் அப்படித்தான் அச்சடிக்கும். தடித்த எழுத்து இல்லையென்றால் முகம் மலர்ந்துவிடும். கொலஸ்ட்ரால் போன முறையைவிடக் குறைந்திருந்தால் கேட்கவே வேண்டாம், வாசலிலேயே வீட்டுக்கு போன் போட்டுச் சொல்வார்கள். கும்பகோணத்தில் ரொம்ப வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். "கொலஸ்ட்ரால் ஏன் இவ்வளவு குறைஞ்சிருக்கு?" என்று கவலையோடு கேட்டவர் யாரையும் பார்த்த நினைவில்லை. ஆனால் அப்படிக் கேட்க வேண்டிய சமயம் ஒன்று உண்டு. என் அத்தை விஷயத்தில் அது வந்தது.

அத்தை மயிலாடுதுறையில் இருக்கிறார். அறுபத்தெட்டு வயது, கொஞ்சம் கனத்த உடம்பு, கொலஸ்ட்ராலைக் குறைக்க ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்த அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரை பத்து மில்லிகிராம் தினமும் ராத்திரி. போன வருஷம் வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டார். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. வீட்டுக்கு வந்த பிறகு வலி தாங்காமல் நடப்பதைக் குறைத்துக்கொண்டார். கழிவறைக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் மட்டும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு போவார், மீதி நேரம் கட்டில்தான். "கெண்டைக்கால் கனமா இருக்குடி, கல்லு கட்டினாப்ல" என்று போனில் சொன்னார். ஆபரேஷன் செய்த காலில் வீக்கம் இருப்பது எல்லாருக்கும் சகஜமாகத் தெரிந்தது.

அப்புறம் ஒரு நாள் காலையில் பல் தேய்க்க எழுந்தவர் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். மாமா தாங்கிப் பிடித்து உட்கார வைத்தபோது பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 118, ஆக்ஸிஜன் 88 சதவீதம், பிரஷர் மேலே 106. காலின் ஆழமான சிரையில் உறைந்திருந்த ரத்தக்கட்டி உடைந்து, மேலே ஏறி, இதயத்தின் வலது பக்கம் வழியாக நுரையீரல் தமனிக்குள் போய் அடைத்திருந்தது. பல்மனரி எம்பாலிசம். சி.டி.யில் இரண்டு பக்கமும் தெரிந்தது.

மறுநாள் காலை அத்தான், அதாவது அத்தையின் மகன், எனக்கு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டை அனுப்பினார். உள்நோயாளிகளுக்கு எடுக்கிற வழக்கமான பேக்கேஜில் லிப்பிட் ப்ரொஃபைலும் இருந்திருக்கிறது. மொத்தக் கொலஸ்ட்ரால் 124. ஆபரேஷனுக்கு முன்னால் எங்கள் லேபில் எடுத்தபோது 186. கெட்ட கொழுப்பு என்று சொல்கிற எல்டிஎல் 112 இருந்தது 75 ஆகியிருந்தது. ரத்தத்தில் இருக்கும் இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 160-லிருந்து 110. கூடவே அத்தானின் குரல் பதிவு: "பாரேன், கொழுப்பு எல்லாம் எப்படி இறங்கியிருக்கு. அப்ப இது கொழுப்பு அடைப்பு இல்லைதானே? இவ்வளவு கம்மியா இருந்தா அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திடலாமா? ஏற்கெனவே ஏகப்பட்ட மாத்திரை."

அந்தத் தாளில் தடித்த எழுத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஹெச்டிஎல் 27. நல்ல கொழுப்பு என்று நாம் சொல்வது. முன்பு 42 இருந்தது. அதைப் பற்றி அத்தான் எதுவும் கேட்கவில்லை.

அவர் கேட்டதில் பாதி சரி. இது கொழுப்பு அடைப்பு இல்லை. மாரடைப்பில் நடப்பது வேறு: தமனியின் சுவருக்குள் வருஷக்கணக்காகக் கொழுப்பு படிந்து, ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைகிறது. சிரையில் உறையும் கட்டிக்கு அப்படி ஒரு படிவு தேவையில்லை. ரத்த ஓட்டம் தேங்குவது, ரத்தக்குழாயின் உட்சுவர் அடிபடுவது, ரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது என்று மூன்று காரணங்களை இன்றும் பாடமாகச் சொல்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நுரையீரல் தமனியில் கிடக்கும் கட்டி வேறு இடத்திலிருந்து மிதந்து வந்தது என்று காட்டியவர் பெர்லினில் பணியாற்றிய ருடால்ஃப் விர்ஷோ. இந்த மூன்றும் அவர் பெயரால்தான் வழங்குகின்றன. முழங்கால் ஆபரேஷனில் மூன்றும் ஒரே நேரத்தில் கூடிவிடுகின்றன. கால் அசையாமல் கிடக்கிறது, குழாய்கள் அடிபடுகின்றன, காயத்தை ஆற்ற உடம்பே உறையும் தன்மையைக் கூட்டிக்கொள்கிறது. உடல் பருமன் அதற்கு மேல் ஒரு சுமை.

உறவினர்களில் இன்னொருவர், "எலும்பை வெட்டினாங்களே, அந்தக் கொழுப்பு போய் அடைச்சிருக்குமோ" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தொடை எலும்பு போன்ற நீண்ட எலும்புகள் முறியும்போது மஜ்ஜையின் கொழுப்புத் துளிகள் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போவதுண்டு. பெரும்பாலும் அடிபட்ட ஓரிரு நாளுக்குள் வந்துவிடும் தனி நோய் அது. நாங்கள் லேபில் அளக்கிற கொலஸ்ட்ராலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அத்தைக்கு வந்தது காலிலிருந்து போன ரத்தக்கட்டி. தொடைச் சிரையில் மிச்சக் கட்டி இருந்ததை டாப்ளர் ஸ்கேனில் பார்த்தார்கள்.

ஆனால் "கம்மியா இருந்தா நல்லதுதானே" என்கிற மறுபாதி சரியில்லை.

உடம்புக்குப் பெரிய அடி ஒன்று விழுந்தால், அது மாரடைப்போ, கடும் தொற்றோ, பெரிய ஆபரேஷனோ, நுரையீரல் ரத்தக்கட்டியோ, ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ரால் இறங்கும். எல்டிஎல், ஹெச்டிஎல் இரண்டுமே இறங்கும். அழற்சியின் செய்தி எட்டியதும் கல்லீரல் தன் வேலைப்பட்டியலை மாற்றிக்கொள்கிறது. சிஆர்பி, ஃபைப்ரினோஜென், சீரம் அமிலாய்டு-ஏ போன்ற புரதங்களை அவசரமாக உற்பத்தி செய்கிறது. இந்த அமிலாய்டு-ஏ நேராகப் போய் ஹெச்டிஎல் துகளில் ஏறி, அங்கே இயல்பாக இருக்க வேண்டிய புரதத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. அப்படி உருமாறிய துகள்கள் ரத்தத்தில் அதிக நேரம் தங்குவதில்லை. இதன் மேல் குளுக்கோஸும் சலைனும் ஏற்றினால் ரத்தம் கொஞ்சம் நீர்த்தும் போகும். மாரடைப்பு வந்தவர்களுக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் கொலஸ்ட்ரால் எடுத்துவிடச் சொல்வது இதனால்தான். அதைத் தவறவிட்டால் சில வாரம் பொறுத்து எடுத்தால்தான் அவருடைய உண்மையான அளவு தெரியும். காவிரியில் வெள்ளம் வந்த அன்று படித்துறையில் நின்று வருஷத்து நீர்மட்டத்தைச் சொல்ல முடியாது. அத்தையின் 124-ம் அப்படிப்பட்ட ஒரு நாளின் அளவு.

ட்ரைகிளிசரைடு குறைந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் ஒன்று அது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரத்தத்தை எடுத்து, உறைய விட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் சிவப்பு கீழே இறங்கி மேலே மஞ்சள் நிறத்தில் தெளிந்த சீரம் நிற்கும். முந்தின ராத்திரி கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் சிலரிடம் அந்த மஞ்சள் தெளிவாக இருக்காது. வெள்ளையாகக் கலங்கி இருக்கும், ட்யூபுக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியாது. அது ட்ரைகிளிசரைடைச் சுமந்துகொண்டு திரியும் துகள்களின் கலங்கல். 1943-ல் ஹான் என்ற ஆய்வாளர், கொழுப்பு உணவு கொடுத்து ரத்தம் கலங்கிப்போன நாய்களுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தான ஹெப்பாரினை ஊசியாகப் போட்டார். கலங்கல் சீக்கிரமே தெளிந்துவிட்டது. ஆனால் அதே ஹெப்பாரினை வெளியே, ட்யூபில் இருக்கும் கலங்கிய ரத்தத்தில் நேரடியாகக் கலந்தால் அப்படித் தெளிவதில்லை. ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் லிப்போபுரோட்டீன் லிப்பேஸ் என்ற நொதியை ஹெப்பாரின் பிரித்து ரத்தத்தில் விடுகிறது, அந்த நொதிதான் ட்ரைகிளிசரைடை உடைக்கிறது என்பது பின்னால் தெளிவானது.

இப்போது அத்தையின் ரிப்போர்ட்டைப் பாருங்கள். சேர்த்த உடனே அவருக்கு ஹெப்பாரின் தொடங்கியிருக்கிறார்கள். முந்தின நாள் முழுக்கச் சாப்பிடவும் இல்லை. ரத்தம் எடுத்தது அதற்குப் பிறகு. நோய் ட்ரைகிளிசரைடை மேலே தள்ளப் பார்க்கும், ஹெப்பாரினும் பட்டினியும் கீழே இழுக்கும். இதில் 110 என்ற எண் எதைக் காட்டுகிறது? இன்னொன்றும் உண்டு. பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து ஹெச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்குப் போடுகிறோம். ஃப்ரீடுவால்டு 1972-ல் கொடுத்த சூத்திரம் அது. ட்ரைகிளிசரைடு ஆட்டம் கண்டால் எல்டிஎல் கணக்கும் ஆட்டம் காணும்.

சரி, இந்த இறக்கத்துக்கும் நோயின் கடுமைக்கும் தொடர்பு உண்டா? உண்டு என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. மருத்துவமனைக் கோப்புகளைப் பின்னோக்கிப் பார்த்து எழுதப்பட்ட சிறிய ஆய்வுகள் அவை. ரத்தக்கட்டியால் அதிகம் பாதிக்கப்பட்டவர்களிடம் கொலஸ்ட்ரால் அளவுகள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்ததை அவை பதிவு செய்திருக்கின்றன. சாதாரணமாக நாம் நினைப்பதற்கு நேர் எதிர். யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை. கட்டி பெரிதாக அடைத்தால் இதயத்தின் வலது பக்கம் திணறும். திணறினால் கல்லீரலில் ரத்தம் தேங்கும், கொழுப்புப் பொருள்களைச் செய்து வெளியே அனுப்புகிற இடமே அதுதான். அழற்சியும் அதிகமாகும். ஹெச்டிஎல்லுக்கு ரத்தக்குழாயின் உட்சுவரைக் காக்கும் வேலையும் உண்டு, அது குறைவது நல்லதில்லை என்றும் சொல்லலாம். ஆனால் கொலஸ்ட்ரால் குறைந்ததால் நோய் கடுமையானது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நோய் கடுமையாக இருந்ததால் குறைந்தது என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஏற்கெனவே புற்றுநோயாலோ சத்துக்குறைவாலோ மெலிந்தவர்களுக்கும் கொலஸ்ட்ரால் குறைவாக இருக்கும், அவர்களுக்கு ரத்தக்கட்டியும் எளிதில் வரும். அந்தக் கலப்பையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் அத்தானிடம் போனில் சொன்னேன்: "அத்தான், அந்த எண்ணை விடுங்க. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது மூணு விஷயம் கேளுங்க. எக்கோல வலது பக்கம் எப்படி இருக்கு? ட்ரோபோனின் ஏறியிருக்கா? பிரஷர் நிக்குதா?"

எக்கோ என்பது இதயத்தின் ஸ்கேன், ட்ரோபோனின் என்பது இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் புரதம். நுரையீரல் ரத்தக்கட்டியின் கடுமையைத் தீர்மானிப்பது இவைதான். சி.டி.யில் தெரியும் கட்டியின் அளவைவிட, அதை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளும் வலது கீழறை எவ்வளவு தாங்குகிறது என்பதுதான் உயிருக்கு முக்கியம். அதன் சுவர் இடது கீழறையைப் போலத் தடிமன் இல்லை, திடீரென்று வரும் அழுத்தத்துக்கு அது பழகியதும் இல்லை. மேல் பிரஷர் 90-க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் அதி ஆபத்து, கட்டியைக் கரைக்கும் மருந்தை உடனே யோசிப்பார்கள். பிரஷர் நின்றாலும் எக்கோவில் வலது கீழறை விரிந்து, ட்ரோபோனினும் ஏறியிருந்தால் நடுத்தர ஆபத்தின் மேல்தட்டு, கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டிய நிலை. மருத்துவர்கள் போடும் மதிப்பெண் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதன் சுருக்க வடிவத்தில் ஆறு கேள்விகள்: வயது 80-க்கு மேலா, புற்றுநோய் உண்டா, நாள்பட்ட இதய நுரையீரல் நோய் உண்டா, நாடி 110-ஐத் தொட்டதா, மேல் பிரஷர் 100-க்குக் கீழா, ஆக்ஸிஜன் 90-க்குக் கீழா. கொலஸ்ட்ரால் அதில் கிடையாது.

அத்தைக்கு ட்ரோபோனின் ஏறியிருந்தது. வலது கீழறையும் விரிந்திருந்தது. "அப்ப ஏன் கரைக்கிற ஊசி போடலை?" என்று மாமா தவித்துப்போனார். எனக்கும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். புதிதாக ஆபரேஷன் செய்த முழங்கால், ரத்தம் கசிந்தால் நிறுத்துவது கஷ்டம். பிரஷர் இறங்கினால் போடுவதற்குத் தயாராக இருக்கிறோம், அதுவரை ஹெப்பாரின் போதும் என்றார். அவர் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறது. 2014-ல் வெளிவந்த பெய்தோ ஆய்வில் இதே நடுத்தர ஆபத்து நிலையில் இருந்த ஆயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். கரைக்கும் மருந்து பெற்றவர்களில் இறந்தவர்களும் நிலைகுலைந்தவர்களும் சேர்த்து 2.6 சதவீதம், பெறாதவர்களில் 5.6 சதவீதம். அந்தப் பக்கம் பலன். ஆனால் மூளையில் ரத்தக்கசிவால் வரும் பக்கவாதம் 0.2 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக ஏறியது. இரண்டையும் வைத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அத்தைக்கு அந்த ஊசி தேவைப்படவில்லை. நாடி மெல்ல நூறுக்குக் கீழே வந்தது, ஆக்ஸிஜன் குழாயை எடுத்தார்கள்.

இனி அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை. நோய் நாளின் எண்ணைப் பார்த்து அதை நிறுத்துவது தவறான கணக்கு என்பது மேலே சொன்னதிலிருந்தே தெரியும். அதற்கு மேலும் ஒன்று உண்டு. ஜூபிடர் என்ற பெரிய ஆய்வில் 17,802 பேர் கலந்துகொண்டார்கள். எல்டிஎல் 130-க்குக் கீழே, ஆனால் சிஆர்பி கூடுதலாக இருந்தவர்கள். பாதிப்பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் 20 மில்லிகிராம், பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை. 2009-ல் அதன் ரத்தக்கட்டி முடிவுகள் வந்தன. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 60 பேருக்குச் சிரை ரத்தக்கட்டி வந்திருந்தது, ரோசுவாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் 34 பேருக்கு. 43 சதவீதம் குறைவு. மொத்தத்தில் எண்ணிக்கை சிறியதுதான், இதை வைத்து ரத்தக்கட்டிக்கு ஸ்டாட்டின் எழுதித் தருவதில்லை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைக்கு அது மாற்றும் இல்லை. ஆனாலும் ரத்தக்கட்டி வந்து படுத்திருக்கும் ஒருவரிடமிருந்து, அவர் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்டாட்டினைக் குடும்பமாகக் கூடி முடிவெடுத்துப் பிடுங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. டாக்டரைக் கேட்டார்கள். அவர் தொடரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ரிவரோக்ஸபான், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. முதல் 21 நாள் 15 மில்லிகிராம் இரண்டு வேளை, பிறகு 20 மில்லிகிராம் ஒரு வேளை. இந்த அளவு மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சேருவது குறைந்துவிடும். அத்தைக்கு மாத்திரை என்றாலே சாப்பாட்டுக்கு முன்னால் முழுங்கிவிட்டு வேலையைப் பார்க்கும் பழக்கம். இட்லித் தட்டு முன்னால் வந்த பிறகுதான் மாத்திரை டப்பாவைத் திறக்க வேண்டும் என்று மாமா கண்டிப்பு வைத்தார்.

சில வாரம் கழித்து நானே மயிலாடுதுறைக்குப் போய் ரத்தம் எடுத்தேன். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஊசியை எடுத்த பிறகு பஞ்சை வைத்து முழங்கையை மடக்கிவிட்டு வந்துவிடக் கூடாது. கையை நீட்டி வைத்து, விரலால் அழுத்திப் பிடித்து, அழுத்தத்தை எடுத்துப் பார்த்து, கசிந்தால் மறுபடி பிடிக்க வேண்டும். மடக்கினால் உள்ளே கசிந்து மறுநாள் கை முழுக்க நீலம் பாரித்துவிடும். நான் பிடித்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அத்தை மருமகள் சமையலைப் பற்றியே பேசினார். மூச்சு விடாமல் ஒருவர் குறை சொல்லிக்கொண்டே போவதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

மொத்தக் கொலஸ்ட்ரால் 181. ஹெச்டிஎல் 41. ட்ரைகிளிசரைடு 165. எல்டிஎல் 107. கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே எல்லாம் வந்திருந்தன. அத்தான் போனில் "திரும்ப ஏறிடுச்சே" என்றார். ஏறியது நல்ல சேதி என்றேன். உடம்பு தன் வழக்கத்துக்குத் திரும்பியிருக்கிறது. 107-ஐ இன்னும் குறைக்க வேண்டுமா என்பதை இந்த ரிப்போர்ட்டை வைத்து டாக்டர் இப்போது முடிவு செய்யலாம். தஞ்சாவூர் ரிப்போர்ட்டைக் கொலஸ்ட்ரால் ஃபைலில் வைக்காமல் ஆஸ்பத்திரி ஃபைலோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். நாளைக்கு யாராவது மூன்றையும் வரிசையாக வைத்து, "நடுவில் 124-க்குக் கொண்டுவந்தீர்களே, அப்போது என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்கக் கூடாது.

மூன்று மாதம் முடிந்து எடுத்த எக்கோவில் வலது கீழறை இயல்பு அளவுக்கு வந்திருந்தது. ஆபரேஷன் என்ற தெளிவான, கடந்துபோன காரணத்தால் வந்த கட்டி என்பதால் ரிவரோக்ஸபானை நிறுத்திவிட்டார்கள், ஸ்டாட்டின் தொடர்கிறது. இடது முழங்காலும் தேய்ந்துதான் இருக்கிறது. அதற்கும் ஆபரேஷன் செய்வதா என்று அத்தை இன்னும் முடிவு செய்யவில்லை. செய்தால் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் நீட்ட வேண்டிய தாள் அந்த சி.டி. ரிப்போர்ட். மாமா அதற்கு பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார்.